ஹவுஸ் ஓனர் கையெழுத்து இல்லாமலும் வாக்கு உண்டு

(தாம்பரத்தில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாக்களிப்பது ஜனநாயகக் கடமை என்று சொல்ல நான் வரவில்லை. அதைச் சொல்லத் தேர்தல் ஆணையம் இருக்கிறது, சினிமா நடிகர்கள் இருக்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா?

1920இல் சென்னை மாகாணத்தின் மக்கள் தொகை 4 கோடிக்கும் மேல். அந்த ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர். நிலம் வைத்திருப்பவனும் வரி கட்டுபவனும்தான் வாக்காளன். சேரியில் யாரிடம் நிலம் இருந்தது? 1928இல் சைமன் குழுவிடம் அண்ணல் அம்பேத்கர் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கேட்டார். அதுவே அரசமைப்புச் சட்டத்தின் 326ஆம் பிரிவாக நின்றது. 21 என்றிருந்த வயது 1989இல் 18 ஆனது. சொத்து இருந்தால்தான் வாக்கு என்ற நிபந்தனை சட்டத்திலிருந்து ஒழிந்தது.

நடைமுறையில் ஒழிந்ததா? இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்குச் சொந்த வீடு இருக்கிறது? சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் வீடு தேடிப் போனால் வாடகையைச் சொல்வதற்கு முன்பே "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிறார்கள். நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர் "நான்வெஜ் சாப்பிடுவீங்களா?" என்கிறார். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த வீடு. ஆற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்ட நம் மக்களை எண்ணிப் பாருங்கள். முகவரி மாறும்போதெல்லாம் வாக்கு ஆபத்துக்குள்ளாகிறது. முகவரியைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் சாதிதான்.

சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் என்ன நடந்தது? 2025 டிசம்பர் 19 அன்று வந்த தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அவற்றில் 66 லட்சத்துக்கும் மேற்பட்டவை இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்று நீக்கப்பட்டவை. வெளிமாநிலம் போனவரும் அதில் இருப்பார், பக்கத்துத் தெருவுக்கு வீடு மாறியவரும் இருப்பார்.

விண்ணப்பம் நிரப்ப உதவப் போகும்போது நான் அதிகம் கேட்பது இதைத்தான்: "ஓனர் லெட்டர் தர மாட்டேங்குறார் அண்ணா." தம்பி, அந்தக் கடிதத்தை நம்பி உன் வாக்கு இல்லை. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கேட்பது நீ எங்கே வசிக்கிறாய் என்பதை மட்டும்தான். சொந்த வீடு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருவர் அந்தத் தொகுதியில் வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்று அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. புதிதாகச் சேர்வதற்குப் படிவம் 6. வீடு மாறியிருந்தால், பிழை திருத்த வேண்டுமென்றால், படிவம் 8. ஆதார், வங்கிப் பாஸ்புக், கேஸ் பில் என்று முகவரிக்கு ஏதாவது ஒன்று போதும். எதுவுமே இல்லையென்றால் அதிகாரிகள் நேரில் வந்து விசாரித்து உறுதிசெய்ய வேண்டும். நடைபாதையில் தூங்குகிறவருக்கும் அதே உரிமை உண்டு. விடுதி மாணவர்கள் விடுதி முகவரியிலேயே பதியலாம். 17 முடிந்தவர்கள் இப்போதே விண்ணப்பம் தரலாம்.

"ஓட்டுப் போட்டு என்ன ஆச்சு?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. வாக்குச்சீட்டு சாதியை ஒழிக்கவில்லை. ஆனால் அதன் மதிப்பை நம்மைவிட ஆதிக்க சாதியினர் நன்றாக அறிந்திருக்கிறார்கள். மேலவளவில் ஊராட்சித் தலைவராக வென்ற முருகேசனை 1997 ஜூன் 30 அன்று ஏன் வெட்டிக் கொன்றார்கள்? பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பட்டியல் சாதியினர் தலைவராகக் கூடாது என்று பத்தாண்டுகள் ஏன் தேர்தலையே முடக்கினார்கள்? ஒன்றுக்கும் உதவாத பொருளுக்காக யாரும் கொலை செய்வதில்லை.

இந்தத் தாம்பரத்தையே பாருங்கள். 2021இல் மாநகராட்சியான ஊர். முதல் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. 2022இல் வசந்தகுமாரி மேயரானபோது அவருக்கு வயது 25. குடிநீருக்கும் சாக்கடைக்கும் அந்த நாற்காலியைக் கேள்வி கேட்க வேண்டியவர்கள் நாம்தான். உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியலும் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலிலிருந்துதான் தயாராகிறது. அங்கே விடுபட்டால் வார்டிலும் நாம் இல்லை. எவரும் வேண்டாம் என்று நோட்டாவை அழுத்தவும் பட்டியலில் பெயர் வேண்டும்.

இன்று இரவே 1950 என்ற எண்ணுக்குப் பேசியோ, ஆணையத்தின் இணையதளத்திலோ உங்கள் பெயரைச் சரிபாருங்கள். பிறகு உங்கள் அறையில் தங்கியிருப்பவர், மாடியில் குடியிருக்கும் அக்கா, தெருக்கோடியில் இஸ்திரி போடும் ஐயா என்று ஒவ்வொருவர் பெயரையும் பாருங்கள். இல்லாதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுங்கள். ஒப்புகை எண்ணை வாங்கிக்கொள்ளாமல் விடாதீர்கள்.