மெயினை ஆஃப் பண்ணாம மாத்தணும்: சி.என்.சி. மெஷின் பேட்டரி

மதுக்கரைன்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு சிமெண்ட் ஆலைதான் ஞாபகம் வரும். ஆனா இங்கிருந்து மலுமிச்சம்பட்டி, குறிச்சி சிட்கோ வரைக்கும் போனீங்கன்னா, ரெண்டு மூணு சி.என்.சி. மெஷின் போட்டு பம்ப் ஷாஃப்ட், வால்வு பாகம்னு ஜாப் ஒர்க் பண்ற சின்னச் சின்னப் பட்டறைங்க நிறைய இருக்கு. இன்னைக்குப் பேசப் போறது அந்த மெஷினுக்குள்ள இருக்கிற பேட்டரியைப் பத்தி. யு.பி.எஸ். இல்லைங்க. அதைவிட ரொம்பச் சின்னது.

கோயம்புத்தூர்ப் பக்கம் அதிகமா இருக்கிற ஃபனுக் கண்ட்ரோலை வெச்சே சொல்றேன். அதுல ரெண்டு வேலைக்கு ரெண்டு பேட்டரி. முதலாவது, கண்ட்ரோல்ல இருக்கிற 3 வோல்ட் லித்தியம். புரோகிராம், பாராமீட்டர், டூல் ஆஃப்செட் எல்லாம் எஸ்.ரேம் மெமரியில இருக்கு. கரண்ட் போனா அதைக் காப்பாத்தறது இந்த பேட்டரிதான். ஸ்க்ரீன்ல 'பேட்'னு மின்னுச்சுன்னா இது இறங்குதுன்னு அர்த்தம்.

ரெண்டாவது, சர்வோ மோட்டார் என்கோடருக்கு. மோட்டார் ஒரு சுத்துக்குள்ள எங்க நிக்குதுன்னு என்கோடருக்கே தெரியும். எத்தனையாவது சுத்துங்கற கணக்கை மட்டும், கரண்ட் இல்லாத நேரத்துல, பேட்டரிதான் காப்பாத்துது. கடிகாரத்துல நிமிஷ முள் தெரியுது, மணி முள்ளைக் காணோம்னா எப்படி இருக்கும்? பேட்டரி தீர்ந்த மெஷின் அப்படித்தான் முழிக்கும்.

307-ன்னு அலாரம் வந்தா வோல்டேஜ் குறையுது. 306 வந்தா தீர்ந்தே போச்சு. 300 வந்தா ஜீரோவையே மறந்துடுச்சு.

இங்கதான் வில்லங்கமே. எனக்குத் தெரிஞ்ச ஒரு பட்டறையில 307 வந்ததும், எலக்ட்ரீஷியன் அண்ணா பொறுப்பா மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் செல்லை மாத்தினாரு. கரண்ட் வேலையில அதுதானுங்களே பழக்கம்? ஆனா பழைய செல்லைக் கழட்டின அந்த நிமிஷமே என்கோடருக்கு எந்தப் பக்கமும் சப்ளை இல்லை. ஆன் பண்ணா 300. ரெண்டு ஷிஃப்ட் போச்சு.

என்கோடர் பேட்டரியை கண்ட்ரோல் ஆன்ல இருக்கும்போது, எமர்ஜென்சி ஸ்டாப்பை அமுக்கி வெச்சுட்டு மாத்தணும். பேனலுக்குள்ள கரண்ட் இருக்குங்கறதால, பழக்கமில்லாதவங்க கை வைக்கவே கூடாது. மெமரி பேட்டரி இதுக்கு நேர் எதிர்: மெஷினை அரை நிமிஷம் ஆன்ல வெச்சு, ஆஃப் பண்ணி, அரை மணி நேரத்துக்குள்ள புதுசைப் போட்டுடணும். அதுவரைக்கும் உள்ள இருக்கிற கெப்பாசிட்டர் தாங்கும். மாடலுக்கு மாடல் இந்த நேரம் மாறும், மேனுவலைப் பார்த்துக்குங்க.

ஜீரோ போனா என்ன, 1815 பாராமீட்டர்ல திரும்ப வெச்சுக்கலாமேன்னு சிலர் சொல்வாங்க. வெச்சுக்கலாம். ஆனா பழைய இடத்துலயே வெக்கணும். ஒரு வி.எம்.சி.-யில இசட் ஜீரோ ஒரு சுத்து, அதாவது பால் ஸ்க்ரூவைப் பொறுத்து 8, 10 மில்லிமீட்டர் தள்ளிப் போச்சுன்னா, டூல் மாத்தற கை நேரா ஸ்பிண்டில்ல போய் இடிக்கும். அந்தச் செலவைக் கேட்டா தூக்கம் வராது.

இன்னொண்ணு. மெஷின் ஆன்ல இருக்கிற வரைக்கும் இந்த பேட்டரிங்களுக்குப் பெரிசா வேலை இல்லை. ஆஃப்ல கிடக்கும்போதுதான் கரையும். 2012-ல நாம பார்த்த மணிக்கணக்கான கரண்ட் கட், 2020 ஊரடங்கு, வருஷா வருஷம் தீபாவளி லீவு, எல்லாம் அதோட ஆயுசுலதான் கழியும். அதனால ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைச்சுப் பொட்டு வெக்கறதுக்கு முந்தின வாரமே மாத்திடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவைன்னுதான் மேனுவலும் சொல்லுது.

தனிப் பெட்டியில நாலு பெரிய டார்ச் லைட் செல் போடற மாடல்னா, ஆல்கலைன் மட்டும் வாங்குங்க. சாதா செல் ஒழுகி, கான்டாக்டை அரிச்சுடும். நாலையும் ஒண்ணா மாத்துங்க. மாத்தின தேதியை பேனல் கதவு உள்பக்கம் எழுதி ஒட்டுங்க. கையோட பாராமீட்டரையும் புரோகிராமையும் ஒரு மெமரி கார்டுல எடுத்து, பேனலுக்கு வெளிய வேற இடத்துல வைங்க.

பேட்டரியே வேண்டாத என்கோடரும் வந்தாச்சு. ஆனா நம்ம பட்டறைங்கள்ல ஓடிட்டிருக்கறது பெரும்பாலும் பழைய மெஷினுங்க. அடுத்த எபிசோட்ல சப் ஸ்டேஷன் பிரேக்கரை ட்ரிப் பண்ற 110 வோல்ட் பேட்டரி பேங்க் பத்திப் பேசலாமுங்க.