வேண்டாத மென்பொருளை முழுமையாக நீக்குவது எப்படி?

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



 

கல்வி உதவி கேட்டு வரும் மனுக்களில் இப்போது ஒரு கோரிக்கை அடிக்கடி இடம்பெறுகிறது. "பிள்ளையின் லேப்டாப் ரொம்ப மெதுவாகிவிட்டது. தவணையில் புதிது வாங்க முன்பணம் வேண்டும்" என்கிறார்கள். தவணை என்றால் பெரும்பாலும் வட்டி. அந்த வாசலுக்குப் போகும் முன், கையில் இருக்கும் லேப்டாப்பை ஒருமுறை திறந்து பார்ப்பது நம் கடமை. வாங்கும்போதே கூடவே வந்த சோதனைப் பதிப்புகள், காலாவதியான ஆன்டிவைரஸ், தம்பி ஏற்றிய விளையாட்டுகள், யாரோ எப்போதோ போட்ட வீடியோ மென்பொருள் என்று உள்ளே பெரிய கூட்டமே குடியிருக்கும். நல்ல பொருளைக் குப்பையோடு சேர்த்து வீசுவது வீண்விரயம். வீண்விரயத்தை மார்க்கம் எவ்வளவு கண்டிக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

டெஸ்க்டாப்பில் உள்ள படத்தை அழித்தால் மென்பொருள் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. அது வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மாதிரி. பலகையைக் கழற்றினாலும் குடியிருப்பவர் உள்ளேயேதான் இருப்பார்.

சரியான வழி, முதலில் விண்டோஸே தரும் வழிதான். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போனால் ஏற்றப்பட்ட மென்பொருள்களின் பட்டியல் வரும். அளவு வாரியாக வரிசைப்படுத்தினால் அதிக இடம் பிடிப்பது எது என்று தெரியும். வேண்டாததை அழுத்தி அன்இன்ஸ்டால் கொடுங்கள். பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். அடுத்து டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைப் பாருங்கள். கணினி எழும்போதே கூட எழும் மென்பொருள்கள்தான் வேகத்தைப் பெரிதும் குறைக்கின்றன. தேவையில்லாதவற்றை அங்கே டிசேபிள் செய்யலாம்.

அப்படியானால் தனி மென்பொருள் எதற்கு? சில மென்பொருள்கள் போகும்போது புரோகிராம் ஃபைல்ஸ், ஆப்டேட்டா ஆகிய இடங்களில் கோப்புகளையும், ரெஜிஸ்ட்ரி என்னும் விண்டோஸின் பதிவேட்டில் குறிப்புகளையும் விட்டுச் செல்கின்றன. சில, அன்இன்ஸ்டால் கொடுத்தாலும் பிழை காட்டி நின்றுவிடும். இந்த இரண்டுக்கும்தான் அன்இன்ஸ்டாலர் தேவை. பதிவேட்டில் மிஞ்சும் சில வரிகளால் கணினி மெதுவாகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்தால் வேகம் பறக்கும் என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, ரெவோ அன்இன்ஸ்டாலரின் இலவசப் பதிப்பு. மென்பொருளின் சொந்த நீக்கியை முதலில் ஓட்டிவிட்டு, பிறகு எச்சங்களைத் தேடித் தரும். தேடும் ஆழத்துக்கு மூன்று நிலைகள் உண்டு. வீட்டில் இருப்பவர்களுக்கு முதல் நிலையும் நடு நிலையும் போதும்.

இரண்டாவது, கீக் அன்இன்ஸ்டாலர். ஒரே ஒரு சிறு கோப்பு. கணினியில் ஏற்றவே வேண்டாம், பென்டிரைவிலிருந்தே ஓடும். நீங்க மறுக்கும் மென்பொருளைக் கட்டாயமாக நீக்கும் வசதியும் இதில் உண்டு.

மூன்றாவது, பல்க் க்ராப் அன்இன்ஸ்டாலர். பெயர் கொஞ்சம் கரடுமுரடு, வேலை சுத்தம். பல மென்பொருள்களைத் தேர்ந்தெடுத்து ஒரே மூச்சில் நீக்கலாம். எச்சங்களைக் காட்டும்போது ஒவ்வொன்றையும் எந்த அளவு நம்பி அழிக்கலாம் என்றும் தரம் பிரித்துச் சொல்லும். இது திறந்த மூல மென்பொருள். வீட்டுக்கும் தொழிலுக்கும் இலவசம்.

இங்கே ஹலால், ஹராம் பேணும் நமக்கு ஒரு விஷயம் இருக்கிறது. "இலவசம்" என்று எழுதியிருந்தாலும் பல மென்பொருள்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே இலவசம். கடையிலோ மதரஸா அலுவலகத்திலோ பயன்படுத்த அனுமதி இருக்காது. உரிமையாளர் போட்ட நிபந்தனையும் ஓர் அமானிதம்தான். நிறுவனக் கணினிகளுக்கு மூன்றாவதை எடுத்துக்கொண்டால் அந்தச் சந்தேகமே இல்லை. ஆயிரக்கணக்கில் விலை உள்ள மென்பொருளின் பூட்டை உடைத்த 'கிராக்' பதிப்பைத் தேடிப் போகாதீர்கள். அது பிறர் பொருள் என்பது ஒருபுறம். வைரஸ் வரும் பெரிய வாசலும் அதுதான்.

எங்கிருந்து இறக்குகிறோம் என்பதும் முக்கியம். கூகுளில் தேடினால் மேலே வருவது பல சமயம் விளம்பரம். தயாரித்தவரின் சொந்த இணையதளம்தானா என்று முகவரியைப் படித்துவிட்டு இறக்குங்கள். ஏற்றும்போது ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும் டிக் குறிகளைப் படித்துப் பாருங்கள். ஒன்றை நீக்க வந்தவர் இரண்டைப் புகுத்திவிட்டுப் போகக் கூடாது. 2017-இல் உலகமெங்கும் புகழ்பெற்ற சிசிகிளீனர் மென்பொருளின் அதிகாரபூர்வப் பதிப்பிலேயே விஷமிகள் தீய நிரலைச் சேர்த்துவிட்டார்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது இறங்கியது. ஆகவே சுத்தம் செய்யும் கருவிகளை நான்கைந்து ஏற்றி வைக்காதீர்கள். ஒன்று போதும். வேலை முடிந்ததும் அதையும் நீக்கிவிடலாம்.

கை வைக்கும் முன் செய்ய வேண்டியவை: பிள்ளையின் பாடக் குறிப்புகள், குடும்பப் புகைப்படங்கள், கடைக் கணக்கு ஆகியவற்றை பென்டிரைவில் நகல் எடுங்கள். கணக்கு மென்பொருளை நீக்கும்போது எச்சம் என்று காட்டும் ஃபோல்டரில் உங்கள் வருடக் கணக்கே இருக்கலாம். பார்க்காமல் 'எல்லாம் தேர்ந்தெடு' கொடுத்துவிடாதீர்கள். பிறகு ரெஸ்டோர் பாயிண்ட் ஒன்றை உருவாக்குங்கள். ஏதாவது கோளாறானால் கணினியை அந்த நிலைக்குத் திருப்பலாம். ஆனால் அது உங்கள் கோப்புகளை மீட்டுத் தராது, அதற்கு நகல்தான்.

பட்டியலில் விஷுவல் சி பிளஸ் பிளஸ், டாட் நெட், இன்டெல், ரியல்டெக் என்று வந்தால் தொடாதீர்கள். மற்ற மென்பொருள்களும், ஒலி, திரை போன்றவையும் அவற்றை நம்பித்தான் ஓடுகின்றன. ஆன்டிவைரஸை நீக்க அந்தந்த நிறுவனமே தனிக் கருவி தருகிறது, அதையே பயன்படுத்துங்கள். அது போனதும் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் தானாகக் காவலுக்கு வந்துவிடும்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "பேங்கிலிருந்து பேசுகிறோம், எனிடெஸ்க் ஏற்றுங்கள்" என்று யாராவது சொல்லி ஏற்றியிருந்தால் உடனே இணையத்தைத் துண்டித்துவிட்டு அதை நீக்குங்கள். ஆனால் நீக்கியதோடு பிரச்சினை முடியாது. வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்கள், 1930 எண்ணில் புகார் செய்யுங்கள், கடவுச்சொற்களை மாற்றுங்கள். வெட்கப்பட்டு மறைப்பதால் ஏமாற்றுபவனுக்கே நேரம் கிடைக்கிறது.

கடைசியாக, பழைய கணினியை மாணவர்களுக்கு சதகாவாகத் தருகிறவர்களுக்கு. மென்பொருளை நீக்கினால் மட்டும் உங்கள் ரகசியங்கள் போய்விடாது. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், ஆதார் நகல், குடும்பப் படங்கள் உள்ளேயே இருக்கும். ரீசெட் திஸ் பிசி பகுதியில் எல்லாவற்றையும் நீக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, தரவைத் துடைக்கும் வசதியையும் இயக்கிவிட்டுத் தாருங்கள். வாங்கும் பிள்ளைக்கும் அது சுத்தமான ஆரம்பமாக இருக்கும்.

இத்தனையும் செய்து பார்த்தும் கணினி நகரவில்லை என்றால், ரேம் கூட்டுவதும் பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுவதும் புதிய லேப்டாப்பின் விலையில் சிறு பகுதியில் முடிந்துவிடும். அதன் பிறகும் தேவை என்றால் மனு கொடுங்கள். இன்ஷா அல்லாஹ் வட்டியில்லாமல் என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.

நம் பிள்ளைகளின் கல்வியிலும் நம் பொருளாதாரத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.