இசைத்தட்டில் ஏறிய திருவாசகம்



திருவாசகம் கண்ணால் மட்டும் படிக்கப்பட்ட நூலன்று; வாயால் ஓதப்பட்டும் செவியால் கேட்கப்பட்டும் வாழ்ந்துவரும் நூல். மார்கழி விடியலில் திருவானைக்காவில் திருவெம்பாவை ஒலிக்கிறது. அதே தீவின் மேற்கே, திருவரங்கத்தில், அரையர்கள் தாளமிட்டுத் திவ்வியப் பிரபந்தத்தை இசைக்கின்றனர். பாட்டைச் செவிச்செல்வமாகப் பேணிய இம்மண்ணில் நின்றுகொண்டு, 2005ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் சென்னையில் வெளியான ஓர் இசைத்தட்டை எண்ணிப் பார்ப்பது பொருத்தமே. அதுதான் இளையராஜாவின் ‘திருவாசகம்’.

பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனின் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சென்று, 1976இல் ‘அன்னக்கிளி’ வழியே திரையுலகில் கால்பதித்தவர் இளையராஜா. 1986இலும் 1988இலும் திரைப்படம் சாராத இரண்டு இசைத்தொகுப்புகளை அவர் அளித்தார். எனினும், பழந்தமிழ் நூலொன்றை முழு மேலைப் பல்லியக் குழுவோடு இணைத்தது திருவாசகத்தில்தான். அருட்தந்தை ஜெகத் கஸ்பர் ராஜ் நிறுவிய தமிழ் மையம் இம்முயற்சியை முன்னெடுத்தது. ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் சிம்பொனிக் குழுவினர் இசைத்தனர். ஆங்கிலப் பகுதிகளை அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதினார். சைவத் திருமுறைக்குக் கிறித்தவக் குருமார் தொண்டு செய்வது புதிதன்று, ஜி. யு. போப் 1900ஆம் ஆண்டிலேயே திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார்.

இத்தொகுப்பைக் குறித்து இரண்டு வினாக்கள் எழுகின்றன. முதலாவது, இது சிம்பொனியா என்பது. சிம்பொனி பெரும்பாலும் கருவிகளுக்கென்றே அமைவது. பீத்தோவன் தம் ஒன்பதாம் சிம்பொனியில் 1824இல் மனிதக்குரலைச் சேர்த்தது பெரும் புதுமையாயிற்று. மறைநூற் சொற்களைத் தனிக்குரலும் கூட்டுக்குரலும் பல்லியமும் சேர்ந்து, நடிப்பின்றி இசைக்கும் வடிவத்திற்கு ‘ஆரட்டோரியோ’ என்று பெயர். 1742இல் டப்ளினில் அரங்கேறிய ஹாண்டலின் ‘மெசையா’ அவ்வகையினது. இளையராஜாவின் படைப்பும் அவ்வகைக்கே நெருங்கியது. பெயர் எதுவாயினும் ஆகுக. சொல்லே இங்குத் தலைமை ஏற்கிறது என்பதைக் கவிஞர்கள் கருத வேண்டும்.

இரண்டாவது வினாவே கனமானது. ஓதுவார் நாவில் வாழ்ந்த பாட்டைத் திரையிசையாளர் ஒருவர் மேலையிசையில் ஏற்றுவது முறையா? இதற்கு மாணிக்கவாசகரே விடை வைத்திருக்கிறார். அம்மானை, சாழல், உந்தி, ஊசல், தெள்ளேணம், தோணோக்கம் எனத் திருவாசகத்தில் அமைந்த பதிகங்களின் பெயர்களைப் பாருங்கள். இவையெல்லாம் பெண்கள் ஆடியும் தொழில் செய்தும் பாடிய வடிவங்கள். பாண்டியனின் அமைச்சராக இருந்த புலவர், அரண்மனைப் பாட்டுக்கு நிகராக முற்றத்துப் பாட்டையும் கொண்டார். இளையராஜா தெரிந்தெடுத்த ஆறு பகுதிகளுள் ஒன்று திருப்பொற்சுண்ணம். நறுமணப்பொடி இடிக்கும் மகளிரின் பாட்டு அது. உலக்கை எழுந்து விழும் தாளத்தை மணிவாசகர் இறைவன் திருமுன் கொண்டு சென்றார். மக்கள் இசையைப் பாட்டுக்குள் அழைத்தவரை மக்கள் இசைக்கலைஞர் ஒருவர் தேடிச் சென்றதில் முறைகேடு யாது?

அவர் பதிகங்களைத் தெரிந்த முறையும் எண்ணத்தக்கது. ஐம்பத்தொரு பகுதிகளுள், நூலின் இறுதியை ஒட்டி நிற்கும் யாத்திரைப்பத்தே தொகுப்பின் தொடக்கம். அடுத்து வருவது சிவபுராணம். தொண்ணூற்றைந்து அடிகள் கொண்ட அந்நூல் வாழ்த்தோடு தொடங்குவது. இசைப்பகுதிக்குப் பெயர் தந்ததோ இடையில் வரும் ‘பொல்லா வினையேன்’ என்னும் தொடர். ஏறத்தாழ இருபது நிமிடம் நீளும் அப்பகுதியில் முன்னிற்பது, தன் சிறுமை உணர்ந்த மனிதக்குரல். புல் முதலாகப் பிறவிதோறும் அலைந்து இளைத்த உயிரின் முறையீட்டை, சைவம் அறியாதவரும் தம்முடையதாகக் கேட்க இயல்கிறது. ஒரு நூலின் எப்பகுதி முன்னிற்க வேண்டும் என்று துணிவதே ஓர் உரையாசிரியரின் பணி. இங்கே இளையராஜா உரையாசிரியராகிறார்.

இழப்பும் உண்டு, அதை மறைத்தல் தகாது. சிவபுராணம் கலிவெண்பாவால் ஆனது. சீர் சீரோடு தளைபட்டு ஓடும் ஓட்டமே அதன் உயிர். இசைக்காக ஓர் எழுத்தை நீட்டும்போது தளை செவிக்குப் புலனாவதில்லை; பல குரல்கள் வெவ்வேறு சுரங்களில் எழும்போது சொல் மங்குகிறது. ஓதுவாரின் ஒற்றைக்குரல் காக்கும் தெளிவைப் பெரும்பல்லியம் காக்க இயலாது. ஆகவே இசைத்தட்டு ஓதுவாருக்கு மாற்றாகாது. திருமுறை ஓதுவாரைப் போற்றாத ஊர், இசைத்தட்டை மட்டும் வாங்கி வைத்தால் பாதியைத்தான் பெற்றதாகும்.

2025ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் லண்டனில் இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனி அரங்கேறியது. அங்கே தலைமை கருவிகளுக்கு உரியது. திருவாசகத்திலோ இசைக்கு அடித்தளமாய் நின்றவை ஓர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலான தமிழ்ச்சொற்கள். தமிழ் அறியாத புடாபெஸ்ட் கலைஞர்கள் அச்சொற்களுக்காக வில்லெடுத்தனர்.

புத்தூரில் பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை படித்துவரும் இவ்வட்டத்தார்க்கு இதில் ஒரு செய்தி உண்டு. இன்றைய கவிதை தாளிலே பிறந்து தாளிலேயே தங்கிவிடுகிறது. பிறர் வாய்விட்டுச் சொல்ல விரும்பும் சொல்லே காலம் கடக்கும். எழுதிய கவிதையை அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். நா தடுக்கும் இடத்தில் திருத்துங்கள். இசையமைப்பாளர் வருவதும் வராததும் பின்னர். முதலில் செவி ஏற்க வேண்டும்.