வலுவிழந்த புயலும் பழனி மலையும்

ஐப்பசியில் அடைமழை என்று நம் நாட்டில் குழந்தையும் சொல்லும். அந்த மழையை எதிர்பார்த்திருக்கும் சமவெளி உழவர், வானொலியில் வானிலை அறிக்கை வரும் வேளையில் கையிலுள்ள வேலையை நிறுத்திக் கேட்கிறார். மலைமேல் வாழும் நாங்களும் கேட்கிறோம். அறிக்கை ஒன்றுதான், ஆயினும் அதிலுள்ள சில சொற்கள் எங்களுக்கு வேறு பொருள் தருகின்றன. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். 'வலுவிழந்தது' என்பதே அச்சொல்.

பழனி மலை, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து பிரிந்து கிழக்கே சமவெளிக்குள் நீண்டு நிற்கும் ஒரு கிளை. தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரில் பெரும்பகுதியைக் கேரளத்துச் சரிவுகளில் இறக்கிவிட்டே இங்கு வருகிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் கதை வேறு. வங்கக் கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு சமவெளியைக் கடந்து வரும் அது, இம்மலையில் முட்டி மேலே ஏறுகிறது. ஏறஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று தன்னிடமுள்ள நீராவியைச் சுமக்க மாட்டாது. மேகமாகவும் மழையாகவும் கொட்டிவிடுகிறது. கொடைக்கானல் ஏரி கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் மேலே இருக்கிறது. வத்தலக்குண்டில் தூறலாக விழும் மேகம் இங்கே அடைமழையாவது இதனாலேயாம்.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். கடலில் திரண்ட புயல் கரை ஏறியதும், வெதுவெதுப்பான கடல்நீர் ஊட்டிய வலிமை அதற்கு அற்றுப்போகிறது. தரையின் உராய்வும் சேர்ந்து காற்றின் வேகம் தணிகிறது. 'புயல் வலுவிழந்து ஆழ்ந்த தாழ்வு மண்டலமாயிற்று' என்று அறிக்கை கூறுகிறது. அது முற்றிலும் உண்மை. ஆனால் அது காற்றின் வேகத்தைக் கொண்டு செய்த கணக்கு. புயல் சுமந்து வந்த நீரோ அவ்வளவு விரைவில் தீர்ந்துவிடுவதில்லை.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. காவிரிப் படுகையில் தென்னைகள் வீழ்ந்த துயரத்தை யாவரும் அறிவர். வலுவிழந்தபடியே மேற்கு நோக்கி நடந்த அது, கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கொடைக்கானலையும் விடவில்லை. மரங்கள் சாய்ந்தன, மண் சரிந்தது, சாலைகள் அடைபட்டன, மண்சரிவில் உயிர்களும் போயின. அதன் பிறகு கேரளத்தைத் தாண்டி அரபிக் கடலில் இறங்கிய அது மீண்டும் வலுப்பெற்றது! கரை கடந்ததோடு ஆபத்து நீங்கியது என்று எண்ணிக் காலையில் மலைச்சாலையில் வண்டியை விடுவோர் இதனை மறக்கலாகாது.

மற்றொன்று. எச்சரிக்கைகள் பெரும்பாலும் மாவட்ட வாரியாக வெளிவருகின்றன. வேடசந்தூரின் வறண்ட காடும் கொடைக்கானலின் சோலையும் ஒரே திண்டுக்கல் மாவட்டம். வானிலைத் துறை 'கனமழை' என்றால், 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வதைக் குறிக்கும். அந்த மழை கீழே கண்மாயை நிரப்பும். மேலே சரிவை அறுக்கும். பெரியகுளத்தருகே கும்பக்கரை அருவியில் குளிப்பவர் தலைக்குமேல் வெயில் அடிக்கலாம். அருவிக்கு நீர் வருவதோ மலையிலிருந்து. வனத்துறையினர் குளிக்கத் தடை விதித்தால், வானம் தெளிவாகத்தானே இருக்கிறது என்று அவர்களோடு வாதாடுவோரைக் கண்டிருக்கிறேன். அண்ணாந்து உச்சியைப் பார்ப்பதைவிட மலைமுகட்டைப் பார்ப்பது நலம்.

கொடைக்கானலில் விமான நிலையம் இல்லை. ஆகவே விமானத்தைப் பற்றி இங்கே என்ன பேச்சு என்று நேயர்கள் கேட்கலாம். மதுரை நிலையத்துக்கு வடமேற்கே பழனி மலையும், மேற்கே மேகமலையும் நிற்கின்றன. பெயர் வைத்தவர் காரணமின்றி வைக்கவில்லை. 1971-ஆம் ஆண்டு டிசம்பர் 9 அன்று திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த ஆவ்ரோ விமானம் ஒன்று, பார்வைத் தெளிவு குறைந்த வேளையில் பாதுகாப்பான உயரத்துக்கும் கீழே இறங்கிச் சின்னமனூர் மலையில் மோதியது. அதிலிருந்த 31 பேரில் 21 பேர் மாண்டனர்.

இப்பருவத்தில் விமானிக்கு மேகம் ஒன்றே இடையூறு அன்று. கிழக்கிலிருந்து வரும் காற்று முகட்டைத் தாண்டியதும் மேற்குப் புறத்தில் கீழ்நோக்கிச் சரியும். அது விமானத்தையும் கீழே அழுத்தும். உயரமானியோ காற்றழுத்தத்தை அளந்துதான் உயரம் சொல்கிறது. தாழ்வு மண்டலத்தால் அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் குறைந்திருக்க, பழைய அளவிலேயே கருவியை வைத்திருந்தால், அது உண்மை உயரத்தைவிட ஏறத்தாழ 300 அடி மிகுத்துக் காட்டும். விமானிகள் நிலையத்தின் புதிய அழுத்த அளவைக் கேட்டுக் கருவியைத் திருத்திக்கொள்வது இதற்காகவே. புறப்பாடு தாமதமானால் முணுமுணுக்கும் பயணிகள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஏரி. 1863-இல் லெவிஞ்சு என்னும் ஆங்கில அதிகாரி கரை கட்டித் தேக்கிய நீர்நிலை இது. சுமார் 24 ஹெக்டேர் பரப்புடையது. நட்சத்திரம்போல் பல கைகள் நீண்டது. கடலை நினைத்தால் குட்டைதான். எனினும் சுற்றிலும் குன்றுகள் இருப்பதால் காற்று நேராக வருவதில்லை. இடைவெளிகளில் புகுந்து திடீர் திடீரென்று அடிக்கிறது. ஒரு கை அமைதியாக இருக்கும்போதே அடுத்த கையில் அலை எழும். தாழ்வு மண்டலம் நமக்குத் தெற்கே கடந்தால் வடகிழக்கிலிருந்து வீசிய காற்று கிழக்காகி, பின்னர்த் தென்கிழக்காக மாறும். காலையில் ஒதுக்கமாயிருந்த கரை மாலையில் காற்றை எதிர்கொள்ளும். மூடுபனி இறங்கினாலோ கரையே கண்ணுக்குத் தெரியாது.

துடுப்புப் படகு எடுப்போர் முதலில் காற்றுக்கு எதிராகச் செல்லட்டும். கை சோர்ந்த பிறகு திரும்பும் வழியில் காற்றே துணை செய்யும். உயிர்காப்பு உடையை மடியில் வைத்துக்கொள்ளாமல் உடுத்திக்கொள்ள வேண்டும். நீர் மிகவும் குளிர்ந்திருப்பதால், நீந்தத் தெரிந்தவர்க்கும் கைகால் விரைவில் மரத்துப்போகும். படகுத்துறையில் இன்று படகு இல்லை என்றால், கரையைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சாலை இருக்கிறது. குடையோடு நடந்து பாருங்கள்.