கைமாறும் பண்டமும் கைசேராப் பணமும்

பழம்பண்ட வியாபாரத்தில் விற்பவன் வஞ்சகன், வாங்குபவன் ஏமாளி என்பது உலகத்தார் நெடுநாளாகக் கொண்டுள்ள எண்ணம். பண்டத்தின் குறையை அறிந்தவன் விற்பவனாதலின் அவ்வெண்ணம் பிறந்தது. ஆயின் இணையத்தில் விளம்பரம் செய்து பழம்பொருளை விற்கும் இக்காலத்தில், வாங்க வருபவனே வஞ்சகனாயிருப்பதும் உண்டு. தையல் இயந்திரத்தையோ கையடக்கத் தொலைபேசியையோ விற்க முனையும் குடும்பத்தவர் வியாபாரி அல்லர். பத்தாண்டுக்கு ஒருமுறை ஏதேனும் ஒன்றை விற்பவர். வஞ்சகனுக்கோ அதுவே நாளாந்தத் தொழில்.

இவ்வஞ்சனை இணையத்தோடு பிறந்ததன்று. 1969ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மாணவர் ஒருவர் தமது சிறிய காரை விற்பதற்குப் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். மாலையில் ஒருவன் வந்தான். றொபின் ஹூட் வேடத்தாற் புகழ்பெற்ற நடிகர் றிச்சட் கிறீன் தானே என்று நம்பும்படி இனிக்க இனிக்கப் பேசினான். விலை 450 பவுண் என்று முடிவாயிற்று. காசோலையை எழுதியவன், காரை அப்பொழுதே கொண்டுசெல்ல வேண்டும் என்றான். மாணவர் தயங்கினார், அடையாளம் கேட்டார். படப்பிடிப்பு நிலையமொன்றின் அனுமதிச் சீட்டு, புகைப்படமும் முத்திரையும் உடையதாய், அவர் முன் நீட்டப்பட்டது. அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அடையாளம் பணமாகாது. காசோலைப் புத்தகம் திருடப்பட்டது என்று பின்னரே தெரிந்தது.

அதற்குள் கார் வேறொரு மாணவருக்கு 200 பவுணுக்கு விற்கப்பட்டுவிட்டது. வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம்வரை சென்றது. வஞ்சிக்கப்பட்டேயாயினும் விற்பவர் நேரில் நின்றவனுக்கு மனமொப்பிக் கொடுத்தார். அவ்வொப்பந்தத்தை அவர் இரத்துச் செய்யுமுன் கபடமறியாத ஒருவர் விலைகொடுத்து வாங்கிவிட்டார். ஆகவே கார் அவருக்கே உரியது என 1971இல் டெனிங் பிரபுவும் உடனிருந்த நீதியரசர்களும் தீர்த்தனர். களவாடப்பட்ட பொருளுக்கு இவ்விதி பொருந்தாது. ஏமாந்து கொடுத்த பொருளுக்கே பொருந்தும். இலங்கையின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆங்கிலேயரின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவியதாகலின், அத்தீர்ப்பு இந்நாட்டாருக்கும் அறியத்தக்கதே.

இன்று காசோலையின் இடத்தைக் கைத்தொலைபேசித் திரை பிடித்துக்கொண்டது. பணம் அனுப்பியாயிற்று என்று வங்கிச் சிட்டையின் படமொன்று வரும்; அப்படத்தைத் திருத்தி அமைக்கச் சில நிமிடமே போதும். வங்கியின் பெயர் தாங்கிய குறுஞ்செய்தியும் போலியாயிருக்கலாம். மற்றொருவன் விலைக்கு மேலாகக் காசோலை வைப்பிட்டு, மிகுதியைத் திருப்பி அனுப்புமாறு கெஞ்சுவான். காசோலை மறுக்கப்படும்போது அனுப்பிய மிகுதியும் விற்றவரின் நட்டமாகும். வேறொருவன் தான் வராமல் முச்சக்கரவண்டிச் சாரதியை அனுப்புவான். பாவம், அச்சாரதிக்கு ஒன்றுமே தெரியாது. பணம் பெறுவதற்கென்று ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்பவனும் உளன். பணத்தைப் பெறுவதற்கு அச்சொல்லை எவருக்கும் சொல்லவேண்டியதில்லை.

விற்பவர் தமது கணக்கைத் தாமே திறந்து, தொகை சேர்ந்தமையைக் கண்ட பின்னரே பண்டத்தைக் கொடுத்தல் வேண்டும். காசோலையாயின் அது வங்கியில் தீர்வாகும்வரை பொறுத்தல் வேண்டும். பகற்பொழுதில் வங்கியிலேயே சந்தித்து, கருமபீடத்திற் பணத்தை வைப்பிடச் செய்வது எல்லாவற்றிலும் நன்று; கள்ளநோட்டும் அங்கேயே அகப்பட்டுவிடும். அவசரம் என்று நெருக்குபவனுக்கு விலையைக் குறைத்தாலும் இதனைக் குறைத்தலாகாது.

வாங்கிச் சென்றபின் உறுப்பை மாற்றிவிட்டுப் பழுதென்று திரும்பி வருபவனும் உண்டு. தொலைபேசியாயின் அதன் பதினைந்து இலக்க அடையாள எண்ணைப் பற்றுச்சீட்டில் எழுதி, உள்ள நிலையில் விற்கப்பட்டது என்று இருவரும் கையொப்பமிடுவது அவன் வாயை அடைக்கும்.

இத்தனைக்கும் மேலே ஏமாந்தவர் நாணி வீட்டிலிருப்பது பெருந்தவறு. வஞ்சித்தல் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமாதலால், செய்திகளையும் சிட்டையின் படத்தையும் அழியாது வைத்து உடனே பொலிஸில் முறையிடலாம். விரைவுக்கு வேறொரு காரணமும் உண்டு. 1960இல் இங்கிலாந்தில் வேறொருவர் தமது ஜாகுவார் காரை இவ்வாறே காசோலைக்குக் கொடுத்தார். மறுநாளே அது மறுக்கப்பட்டது. அவர் ஒரு கணமும் தாழ்த்தாது பொலிஸாருக்கும் மோட்டார் வாகனச் சங்கத்துக்கும் அறிவித்தார். கார் பல கை மாறிய பின்பு வழக்கு வந்தபோது, அவர் முறையிட்ட அன்றே விற்பனை இரத்தாயிற்று என நீதிமன்றம் கொண்டது; கார் அவருக்கே உரியதாயிற்று.