கொத்தவரை விதைக்கு விலை வைத்த பாறை

(விவசாய அணிப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்ம வீட்டில் பொரியல் செய்யும் கொத்தவரங்காய் தெரியும்தானே? 2012-ல் அதன் விதைக்கு விலை வைத்தது அமெரிக்காவில் பூமிக்கு அடியில் கிடக்கும் பாறை! சிரிக்காதீங்க, கேளுங்க.

அங்கே எண்ணெய், எரிவாயு எடுக்கத் தண்ணீரைப் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள். பம்பை நிறுத்தினால் பிளவு மூடிக்கொள்ளும். அதனால் மணலையும் சேர்த்து அனுப்புகிறார்கள். மணல் உள்ளே முட்டுக்கொடுத்து நிற்கும். ஆனால் வெறும் தண்ணீரில் மணல் அடியில் தங்கிவிடுமே? தண்ணீரைக் கூழாக்க வேண்டும். அந்தக் கூழுக்குத்தான் கொத்தவரை விதையில் எடுக்கும் குவார் பிசின்.

உலகக் குவாரில் பெரும்பகுதி இந்தியாவில், அதிலும் ராஜஸ்தானின் மானாவாரி மண்ணில் விளைகிறது. குவிண்டால் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்ற விதை 2012 தொடக்கத்தில் 20,000 ரூபாயைத் தாண்டியது. மார்ச் மாதம் முன்பேர வர்த்தகத்தையே நிறுத்த வேண்டி வந்தது. விவசாயிகள் நம்பிக்கையோடு இன்னும் அதிக நிலத்தில் விதைத்தார்கள்.

அப்புறம் என்ன ஆச்சு?

பிளவின் அகலம் எவ்வளவு, உள்ளே இருக்கிற மணல் எவ்வளவு தாராளமா வழி விடுது? இந்த இரண்டின் பெருக்கல்தான் பிளவின் கடத்துதிறன். கிணற்றின் வருமானமே அதில்தான். குவார் கூழ் வேலை முடிந்ததும் முழுசா வெளியே வராது. கசடு மணல் இடுக்கில் ஒட்டி, எண்ணெய் வரும் வழியை அடைக்கும். விலையும் அதிகம், கசடும் தொல்லை. கம்பெனிகள் உராய்வைக் குறைக்கும் ரசாயனம் கலந்த தண்ணீருக்கு மாறின. 2014-ல் கச்சா எண்ணெய் விலையும் சரிந்தது. குவார் விலை பழையபடி சில ஆயிரத்துக்கே இறங்கியது.

கம்பெனிக்கு மாற்று கிடைத்தது. விதைத்தவனுக்கு என்ன கிடைத்தது? மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் குவாரே இல்லை!

ராஜஸ்தான் கதைதானே என்று கடந்து போகாதீங்க. ஈரோட்டு மஞ்சளும் சேலத்து மரவள்ளியும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றின் விலையும் எங்கோ யாரோ முடிவு செய்வதுதான்.

பாறைப் பிளவு மூடாமல் இருக்க மணலை முட்டுக் கொடுக்கத் தெரிந்த உலகம் இது. விவசாயி விழாமல் இருக்க முட்டு எங்கே? ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் வேண்டும், விடுபட்ட பயிர்களையும் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறோம். சலுகை இல்லை தோழர்களே, அது உரிமை.

படித்தவர்கள் பகிருங்கள். உங்கள் ஊர் விவசாயிக்கும் படித்துக் காட்டுங்கள்.