தகரத் தொட்டியும் மூடிய கதவும்

 

வெள்ளி விழா மேடையில் அறிவியல் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். கல்லூரி வாயிலையே மிதிக்க இயலாமற் போன ஒரு விஞ்ஞானியைப் பற்றிச் சொல்ல விழைகிறேன். அவர் பெயர் ஆக்னஸ் பொக்கெல்ஸ்.

1862-ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் பிறந்து, ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வளர்ந்தவர் அவர். பள்ளியில் பயிலும்போதே இயற்பியலில் பேரார்வம் கொண்டிருந்தார். ஆயினும் அந்நாளில் அங்குப் பெண்களுக்கு உயர்கல்வியில் இடமில்லை. பின்னர் இடம் தரப்பட்டபோதும் பெற்றோர் வேண்டாமென்றனர். நோயுற்ற அவர்களைப் பேணுவதும் வீட்டை நடத்துவதும் அவர் தலையில் விழுந்தன. தம்பி பல்கலைக்கழகம் சென்று இயற்பியல் பயின்றார்; அவர் தந்த நூல்களே தமக்கைக்குக் கல்லூரியாயின.

1880-ஆம் ஆண்டு, தமது பதினெட்டாம் வயதில், நீரின் பரப்பு இழுவிசையை அவர் ஆராயத் தொடங்கினார். நீரின் மேற்பரப்பு எப்போதும் சுருங்க முனைந்து நிற்கும். சிறிது எண்ணெய்ப் பிசுக்குப் பட்டால் அவ்விசை தளரும். இதனை அளக்க அவர் கண்ட கருவி மிக எளியது. எழுபது சென்டிமீட்டர் நீளமும் ஐந்து சென்டிமீட்டர் அகலமும் கொண்ட தகரத் தொட்டியில் விளிம்புவரை நீர் நிரப்பினார். குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்து, அதனை நகர்த்தி, பிசுக்குப் படிந்த பரப்பைச் சுருக்கவும் விரிக்கவும் செய்தார். நீரின்மேல் ஒரு சிறு வட்டத் தகட்டை அமர்த்தி, அதனைப் பிரித்தெடுக்க எவ்வளவு விசை வேண்டுமெனத் தராசினால் நிறுத்தார்.

பரப்பு ஓரளவு சுருங்கும் வரை இழுவிசை பெரிதும் மாறவில்லை. ஒரு குறிப்பிட்ட எல்லைக்குப் பின் அது விரைந்து குறைந்தது. கொழுப்பு மூலக்கூறுகள் நெருங்கி, ஒற்றை அடுக்காக நீரை மூடிவிடும் எல்லை அதுவே என்பது பிற்பாடு தெளிவாயிற்று.

பத்தாண்டுகள் இவ்வளவும் குறிப்பேட்டிலேயே கிடந்தன. 1891 சனவரியில் இங்கிலாந்தின் பேரறிஞர் ரேலி பிரபுவுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். ரேலி அதனைப் புறக்கணிக்கவில்லை. மொழிபெயர்க்கச் செய்து, தம் பரிந்துரையுடன் ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பினார். 1891 மார்ச் 12 இதழில் அது வெளிவந்தது.

அத்தொட்டியை அமெரிக்க அறிஞர் லாங்மியூர் திருத்தி அமைத்தார். மேற்பரப்பு வேதியியல் ஆய்வுகளுக்காக 1932-இல் நோபெல் பரிசு பெற்றார். ஹாலந்து நாட்டின் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர் 1925-இல் இரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்து, இத்தகைய தொட்டியில் பரப்பினர். அது அணுக்களின் பரப்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு இடத்தை அடைத்தது. உயிரணுவைச் சூழ்ந்த சவ்வு கொழுப்பின் இரட்டை அடுக்கால் ஆனது என்னும் கருத்து இவ்வாறு பிறந்தது. அக்கருத்தே சவ்வு ஆய்வுக்கு அடிப்படையாயிற்று. 2020-இல் கொரோனா நோய்க்கு வந்த தடுப்பூசிகளுள் சில, தம் மருந்துச் சரக்கைக் கொழுப்புத் துகள்களுக்குள் பொதிந்தே உடலுக்குள் செலுத்தின.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘கல்லூரியின்றியே அவர் சாதித்தாரே, உங்களுக்கு உதவித்தொகை எதற்கு, விடுதி எதற்கு?’ என்று கேட்போர் உண்டு. கதவு மூடியிருந்தும் ஒருவர் வென்றார் என்பதால், கதவை மூடியது நியாயமாகிவிடாது. பொக்கெல்ஸ் இழந்தவற்றை எண்ணுங்கள். பத்தாண்டுகள் அவர் குரல் வெளியே கேட்கவில்லை. இன்றும் அத்தொட்டி பெரும்பாலும் லாங்மியூர் பெயராலேயே வழங்குகிறது. அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் 1932-இல், எழுபதாம் வயதில்தான் வந்தது, 1935-இல் மறைந்தார். எழுதாமலே மாண்ட பொக்கெல்ஸ்கள் எத்தனை பேரோ! அண்ணல் அம்பேத்கர் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் செல்ல, பரோடா மன்னரின் உதவித்தொகை வழிசெய்தது. அறிவு எங்கும் பிறக்கும். அது வளர வழி வேண்டும். அவ்வழியை அமைக்கவே நம் முன்னோர் இச்சங்கத்தைத் தொடங்கினர்.

மாணவச் செல்வங்களே! ஐயம் எழுந்தால் அளந்து பாருங்கள். அளந்ததை அன்றே குறித்து வையுங்கள். அறிந்தவருக்கு அஞ்சாது எழுதுங்கள். பெரியோர்களே! வரும் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் ரேலிகளாக நாம் இருப்போம்.

தாய்மார்களுக்கும் தந்தையர்க்கும் ஒரு சொல். தம்பி கல்லூரிக்குச் செல்ல, தமக்கை அடுப்படியில் நிற்கும் வழக்கம் ஜெர்மனியில் மட்டும் இருந்ததன்று. பிறர் நமக்கு அடைத்த கதவுகளைத் தட்டித் திறக்கும் நாம், நம் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு கதவை அடைத்தல் தகுமோ? அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் இச்சங்கம் நம் பெண்மக்களை ஆய்வுக்கூடங்களில் காண வேண்டும் என்னும் விருப்பத்தோடு விடைபெறுகிறேன்.